ஆறு நாளில் நான்கு கில்ட்: ஹைலேண்ட் போட்டிக்கு வீட்டிலேயே தைப்பது எப்படி

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் விளையாட்டுகளில் கல், சம்மட்டி, எடைக்குண்டு, கேபர் என்னும் நெடிய மரத்தடி ஆகியவற்றை எறிய இறங்குபவர் ஆணோ பெண்ணோ, கில்ட் என்னும் மடிப்புப் பாவாடை கட்டித்தான் இறங்க வேண்டும். செப்டம்பர் முதல் சனிக்கிழமை பிரேமரில் நடக்கும் போட்டியானாலும் சரி, 1956-இல் தொடங்கி ஜூலை மாதங்களில் வட கரோலினாவின் கிராண்ட்ஃபாதர் மலையடியில் நடக்கும் போட்டியானாலும் சரி, இந்த வழக்கம் மாறுவதில்லை. வட அமெரிக்காவில் புதுமுகப் பிரிவுக்குப் பெயர் கொடுப்பவர்களில் பலர் உடற்பயிற்சிக் கூடங்களிலிருந்து வருபவர்கள். எறியப் பழகிவிடுகிறார்கள், உடை கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. கம்பளியில் எட்டு கஜக் கில்ட் தைக்கக் கொடுத்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், விலையும் பல நூறு டாலர். முழுக்கக் கையூசியால் தைக்கும் அந்தக் கில்ட் ஒன்றுக்கே இருபது மணி நேரத்துக்கு மேல் உழைப்பு போகும்.

இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட நிலை இது: போட்டி சனிக்கிழமை காலை. துணி கைக்கு வருவது ஞாயிறு மாலை. ஆட்கள் நால்வர், தையல் தெரிந்தவர்கள் இருவர், தையல் மெஷின் இரண்டு. வேலை நாள் முடிந்த பிறகு மாலைப் பொழுதுகளில் மட்டுமே உட்கார முடியும். இந்த நேரத்துக்குள் நான்கு கில்ட் முடியும். ஆனால் எதை விடலாம், எதில் கைவைக்கவே கூடாது என்பதை முதல் நாளே பிரித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான அவசரக் கில்ட்டுகள் களத்தில் கிழிவது, வெளியே தெரியும் அழகுக்கு நேரத்தைக் கொடுத்துவிட்டு, உள்ளே இழுவிசையைத் தாங்க வேண்டிய இடத்தில் நேரத்தை மிச்சம் பிடித்ததால்தான்.

விடக்கூடியவை: உள் லைனிங், முன்பக்கம் மடிப்பின்றி ஒன்றன்மேல் ஒன்றாக மூடும் முன்மடலின் ஓரத்து நூல் குஞ்சம், கையூசி வேலைப்பாடு, மூன்று தோல் பக்கிள்களில் இரண்டு. விடக்கூடாதவை: துணியை முன்கூட்டியே நனைப்பது, இடுப்பிலிருந்து புட்டம் வரை சரிவு கொடுத்துத் தைப்பது, உள்ளே கேன்வாஸ் பட்டை, கச்சா தையல் போட்டு ஆளை உட்காரவைத்துப் பார்ப்பது.

துணி

கம்பளி கிடைத்தால் அதற்கு நிகர் இல்லை. மடிப்பு நிற்கும், வியர்வையில் ஒட்டாது. ஆனால் நான்கு பேருக்கு அவசரமாக வாங்கும் நிலையில் பாலியெஸ்டர்–விஸ்கோஸ் கலந்த டார்டன் (ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட) துணியே ஏற்றது. கஜத்துக்கு 11 முதல் 13 அவுன்ஸ் எடை இருக்கட்டும். அதற்குக் குறைந்தால், எடைக்குண்டோடு சுழலும்போது மடிப்புகள் குடையாக விரிந்து மேலே ஏறிவிடும். துணியின் கனம்தான் அவற்றைத் திரும்பக் கீழே கொண்டுவருகிறது. கட்டம் போட்ட பருத்தி ஃபிளானல் வேண்டாம். மலிவுதான், ஆனால் மடிப்பு ஒரு மணி நேரம்கூட நிற்காது.

டார்டனில் பிளாக் வாட்ச் போன்ற இருண்ட நிறம் அவசர வேலைக்குப் பெரிய உதவி. கட்டங்கள் கால் அங்குலம் விலகினாலும் கண்ணுக்குப் படாது. ராயல் ஸ்டூவர்ட் டார்டனின் சிவப்பில் ஓடும் வெள்ளைக் கோடு ஒவ்வொரு பிழையையும் காட்டிக்கொடுக்கும்.

அறுபது அங்குல அகலத் துணியை நீளவாக்கில் நடுவே பிரித்தால் ஏறக்குறைய 29 அங்குல உயரத்தில் இரண்டு பட்டைகள் கிடைக்கும். இரண்டுக்கும் ஒரு பக்கம் நெய்த கரை இருக்கும். அந்தக் கரையையே கில்ட்டின் கீழ் ஓரமாக வைத்தால் அடிமடிப்புத் தைக்கும் வேலையே இல்லை. கரை பிசிறின்றி உறுதியாக இருக்கிறதா என்று மட்டும் வாங்கும்போதே பார்க்க வேண்டும். நூல் நீட்டிக்கொண்டிருக்கும் கரையானால் ஒன்றரை அங்குலம் மடித்துத் தைக்கத்தான் வேண்டும்.

பிரித்த இரண்டாவது பட்டையின் கரை மேல்பக்கமாக இருக்கும். அதைக் கீழே கொண்டுவரத் துணியை மேசைமேல் வைத்தபடியே அரைவட்டம் சுழற்ற வேண்டும். புரட்டிப் போடக் கூடாது. சுழற்றினால் ட்வில் நெசவின் சாய்வுக்கோடு அதே திசையில் இருக்கும். புரட்டினால் திசை மாறி, வெயிலில் பாதிக் கில்ட் ஒரு நிறமாகவும் மீதி வேறு நிறமாகவும் மின்னும்.

அளவு

இஞ்ச் டேப்பைப் பிடிக்கும்போது ஆள் போட்டியன்று உள்ளே போடும் இறுக்கமான அரைக்கால் சட்டையோடு நிற்க வேண்டும். புட்டத்தின் மிகப் பருத்த இடத்தில் சுற்றளவு எடுத்து, ஓர் அங்குலம் தளர்வு கூட்ட வேண்டும். எறிபவர்களுக்குத் தொடையும் புட்டமும் கனத்திருக்கும். பேன்ட் அளவை வைத்து வெட்டினால் குனியும் முதல் தடவையிலேயே தையல் விடும். இடுப்பளவை, எறியும்போது அகலமான தோல் பெல்ட் கட்டுவார்களே, அந்த இடத்தில் எடுக்க வேண்டும்.

மரபுக் கில்ட் முழங்காலின் நடுவரை இறங்கும். எறிகிற கில்ட்டுக்கு அதைவிட ஒன்றிரண்டு அங்குலம் உயர்ந்திருப்பது நல்லது. குறுக்குக் கம்பிக்கு மேலாக 56 பவுண்டு குண்டை வீசும் போட்டியில் ஆள் குண்டைக் கால்களுக்கிடையே பின்னுக்கு ஆட்டித்தான் மேலே எறிகிறார். நீண்ட முன்மடல் முழங்கையில் தட்டி வேகத்தைக் கெடுக்கும்.

நால்வரில் முதல்வரின் அளவு இடுப்பு 38, புட்டம் 44 என்று வைத்துக்கொள்வோம். தளர்வோடு 45. இதில் முன்மடலுக்கு 23, பின்பக்க மடிப்புகளுக்கு 22.

மடிப்பின் கணக்கு

அவசரத்துக்கு உகந்தது பாக்ஸ் பிளீட், அதாவது இரு பக்கமும் சமமாக உள்ளே மடியும் பெட்டி மடிப்பு. எல்லாம் ஒரே பக்கம் சாயும் நைஃப் பிளீட் போட்டால் மடிப்புகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும், துணியும் கூடும். பள்ளிச் சீருடைப் பாவாடை தைத்துப் பழகியவர்களுக்குப் பாக்ஸ் பிளீட் கைவந்த வேலை. வித்தியாசமெல்லாம் மேல் ஏழு அங்குலத்தில் கொடுக்கும் சரிவில்தான்.

டார்டனின் கட்டம் ஒரு முழுச் சுற்று முடிந்து மறுபடி தொடங்கும் தூரத்தை முதலில் அளக்க வேண்டும். இங்கே அது 6 அங்குலம். வெளியே தெரிவது 2, உள்ளே மடிவது 4 என்றால், ஒரு மடிப்புக்கு ஒரு முழுச் சுற்று சரியாகப் பொருந்தி, எல்லா மடிப்பிலும் ஒரே கோடு வந்து நிற்கும். 22 அங்குலத்துக்கு 11 மடிப்பு, அதற்குத் துணி 66. கட்டம் ஐந்தரை அங்குலமாக இருந்தால் 12 மடிப்பு ஆகும், துணி அதே 66தான். முழு பாக்ஸ் பிளீட் எப்போதும் பின்பக்க அகலத்தைப் போல மூன்று பங்கு துணியைத் தின்னும். இதை நினைவில் வைத்தால் எந்தக் கட்டத்துக்கும் கடையிலேயே மனக்கணக்குப் போட்டுவிடலாம்.

இடுப்பில் 38 வர வேண்டும். 11 மடிப்பும் மேலே 1¾ அங்குலமாகக் குறுகினால் 19¼. மீதி 18¾ முன்மடலுக்கு. அதாவது ஒவ்வொரு மடிப்பும் புட்டத்திலிருந்து இடுப்புக்கு ஏறும்போது கால் அங்குலம் குறுகுகிறது. இந்தச் சரிவுதான் கில்ட்டை உடம்போடு பிடித்து நிறுத்துகிறது. இதை விட்டுவிட்டு மேலே மட்டும் பட்டி வைத்து இறுக்கினால் புட்டத்துக்கு மேலே துணி உப்பிக்கொண்டு நிற்கும், சுழலும்போது முழுக் கில்ட்டும் இடுப்பில் திரும்பிவிடும்.

வெளியே தெரியும் மேல்மடலுக்கு 23, வலது ஓரம் மடித்துத் தைக்க 2, இடப்பக்கம் ஆழ்ந்த பக்க மடிப்புக்கு 6: மொத்தம் 31. அதனடியில் வரும் உள்மடலுக்கும் அதே 31. மடிப்புகளின் 66-ஐயும் சேர்த்தால் ஆக மொத்தம் 128 அங்குலம். இரண்டு கஜத் துணியைப் பிரித்தால் 144 கிடைக்கும். மீதியுள்ள 16 அங்குலம் வீணல்ல; கட்டத்தைப் பொருத்தவும் இணைப்புத் தையலை மறைக்கவும் அது வேண்டும்.

பக்க மடிப்பின் 6 அங்குலத்தை முடிவான அளவாகக் கொள்ள வேண்டாம். முன்மடலின் நடுவில் டார்டனின் மையக்கோடு வர வேண்டும். அங்கிருந்து முதல் மடிப்பின் நடுவுக்கு 20½ அங்குலம் வருகிறது. பக்க மடிப்பை அரை அங்குலம் கூட்டி 6½ ஆக்கினால் அது 21 ஆகும், அதாவது மூன்றரைச் சுற்று. முன்னால் ஒரு மையக்கோடும் பின்னால் அதிலிருந்து அரைச்சுற்றுத் தள்ளியுள்ள மாற்று மையக்கோடும் ஒழுங்காக வந்து உட்காரும். இந்த அரை அங்குலத்தைக் காகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டுத் துணியில் கைவைத்தால் பிறகு பிரிக்க வேண்டியிருக்காது.

நால்வரில் இருவரின் அளவு இந்தக் கணக்குக்குள் எளிதில் அடங்காது. ஒருவர் இடுப்பு 42, புட்டம் 46. அவருக்குப் பின்னால் 12 மடிப்பு, முன்னால் 23. துணி 72-உம் 62-உம் சேர்ந்து 134, பக்க மடிப்பைக் கூட்டினால் 135. இரண்டு கஜத்தில் முடியும்தான், ஆனால் கட்டம் பொருத்த இடம் நெருக்கடி. நால்வருக்கும் சேர்த்து எட்டு கஜம் போதும் என்று கணக்குக் காட்டினாலும் ஒன்பது கஜமாக வாங்கச் சொல்வது இதற்காகத்தான். இன்னொருவர் பெண், இடுப்பு 31, புட்டம் 42, தளர்வோடு 43. பன்னிரண்டு அங்குல வித்தியாசத்தை 11 மடிப்பில் திணித்தால் உள்ளே துணி குவிந்து முதுகடியில் மேடு கட்டும். அவருக்குக் கில்ட்டின் பட்டியை இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி இறக்கிவிடுவதே சுருக்க வழி. அங்கே சுற்றளவு 35 என்றால் வித்தியாசம் எட்டாகக் குறையும். மடிப்பு ஒவ்வொன்றும் மேலே 1⅝. சரிவின் உயரத்தை ஐந்தரை அங்குலமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

வேலை நடக்கும் வரிசை

ஞாயிறு இரவே துணியையும் கேன்வாஸையும் நனைத்துத் துவைத்துக் காயப்போட வேண்டும். கேன்வாஸை மறந்துவிடுகிறார்கள். துணி சுருங்காமல், உள்ளே தைத்த பருத்திக் கேன்வாஸ் மட்டும் பிறகு சுருங்கினால் இடுப்பு முழுதும் சுருக்கம் விழும்.

திங்கள்: பிரிப்பது, இணைப்பது, குறிப்பது. கத்திரிக்கோல் டார்டனின் ஒரு கோட்டைப் பிடித்தே போகட்டும். தனியாகக் கோடு போட வேண்டியதில்லை. இரண்டு பட்டைகளை இணைக்கும் தையல் ஒரு மடிப்பின் உள்பக்க ஓரத்தில் வந்து மறைய வேண்டும். முதல்வரின் அளவில் மேல்மடல் ஓரத்திலிருந்து 67½ அங்குலத்தில் அப்படியோர் இடம் வருகிறது. முதல் பட்டையை அங்கே தையல் விளிம்பு விட்டு வெட்டி, இரண்டாவது பட்டையில் கட்டத்தின் அதே புள்ளியைத் தேடிப் பொருத்த வேண்டும்.

குறிப்பதில்தான் பொறுமை வேண்டும். ஒரு மடிப்பில் அரைக்கால் அங்குலம் தவறினால் 11 மடிப்பில் 1⅜ அங்குலம் போய்விடும். அது பக்கிளின் ஒரு முழுத் துளைக்கு மேல். டேப்பை ஒவ்வொரு தடவையும் எடுத்து எடுத்து வைத்து அளக்காமல், மொத்த நீளத்துக்கும் ஒரே தடவை விரித்து 6, 12, 18 என்று புள்ளி வைத்துக்கொண்டே போனால் பிழை கூடிக்கொண்டே போகாது.

செவ்வாய்: டக் பிடிப்பது. இரண்டு மடிப்புகளுக்கு நடுவே உள்ளே போகும் 4 அங்குலத்தை, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடிக்க வேண்டும். மடித்த ஓரத்திலிருந்து, புட்டக்கோட்டில் 2 அங்குலம் தள்ளித் தையலைத் தொடங்கி, ஏழு அங்குலம் மேலேறி இடுப்பில் 2⅛ அங்குலத்தில் முடிக்க வேண்டும். பிறகு அந்த டக்கை இரு பக்கமும் சமமாகத் தட்டையாக்கினால் பாக்ஸ் பிளீட் ஆகிவிடுகிறது. பத்து டக், இரு முனைகளில் மீதியுள்ள இரண்டிரண்டு அங்குலம் பக்க மடிப்போடு சேர்ந்துவிடும். தையலைக் கீழிருந்து மேலே கொண்டுபோவது முக்கியம். மேலிருந்து இறங்கினால் துணி வழுக்கி, புட்டக்கோடு மடிப்புக்கு மடிப்பு ஏறி இறங்கும். தொடங்கும் இடத்தில் மெஷினை முன்னும் பின்னும் ஓட்டி உறுதி செய்ய வேண்டும். உட்கார்ந்து எழும்போது முதலில் விடும் இடம் அதுதான்.

இடுப்பருகே டக்குகளின் பின்புறங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இந்த அளவில் ⅜ அங்குலம். அங்கே ஐந்தடுக்குத் துணி சேர்கிறது, அதன்மேல் கேன்வாஸும் பட்டியும். சாதாரண ஊசி முறியும். 100/16 ஊசி போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடத்துவது நல்லது.

அதே இரவு முன்மடல்களுக்கு உருவம் கொடுக்க வேண்டும்: இடுப்பில் 18¾, புட்டத்தில் 23, கீழ் ஓரத்தில் 25. கீழே கூட்டிய இந்த இரண்டு அங்குலம் இல்லாவிட்டால் கேபரைத் தூக்க முழங்கால்களை அகட்டி உட்காரும்போது மேல்மடல் பிளந்து விலகும்.

புதன்: அணிவித்துப் பார்ப்பது. இந்த மாலையை வேறு எதற்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மேல் ஓரத்தில் கச்சா தையல் போட்டு, குண்டூசி இல்லாமல், பெல்ட் கட்டி, ஆள் முழுதாகக் குந்தி எழ வேண்டும். கைகளை முழங்கால்களுக்கிடையே பின்னுக்கு வீச வேண்டும். இரண்டு சுற்றுச் சுழல வேண்டும். குந்தும்போது பின்பக்க மடிப்புகள் புட்டக்கோட்டில் வாய் திறந்தால் அகலம் போதவில்லை என்று பொருள். அப்போது பக்க மடிப்பிலிருந்து அரை அங்குலம் விட்டுக்கொடுக்கலாம். டக்குகளைப் பிரிக்க வேண்டாம்.

வியாழன்: இஸ்திரியும் கேன்வாஸும். இஸ்திரி புதனுக்குப் பிறகுதான், முன்னால் அல்ல. பாலியெஸ்டர் கலந்த துணியில் சூட்டோடு அழுத்திய மடிப்பு நிலைத்துவிடும்; தப்பான இடத்தில் விழுந்தாலும் நிலைத்துவிடும். துணிமேல் ஈரப் பருத்தித் துணியை விரித்து, நடுத்தரச் சூட்டில் அழுத்த வேண்டும். நேரடியாக வைத்தால் மெழுகு பூசினாற்போலப் பளபளப்பு ஏறும், அது போகாது. நீரில் கொஞ்சம் வெள்ளை வினிகர் கலந்து தெளித்தால் மடிப்பு கூர்மையாக நிற்கும். சாயம் கலைகிறதா என்று முதலில் வெட்டுத்துண்டில் பார்த்துக்கொள்ளலாம். அழுத்திய மடிப்பு ஆறும்வரை அசைக்காமல் மேலே ஒரு தடித்த பலகையை வைக்க வேண்டும். சூட்டோடு தூக்கினால் பாதி உழைப்பு வீண்.

கேன்வாஸ் பட்டை நான்கு அங்குல அகலம். ஒரு மடல் ஓரத்திலிருந்து பின்பக்கம் முழுதும் சுற்றி மறு மடல் ஓரம் வரை, உள்பக்கமாக இடுப்புக்கோட்டில் ஓட வேண்டும். மடிப்புகளின் பின்புறத்தில் மட்டும் கையூசியால் பிடிக்க வேண்டும், வெளித்துணியில் தையல் தெரியக் கூடாது. பக்கிளும் பட்டையும் இந்தக் கேன்வாஸில்தான் ஊன்ற வேண்டும். பெல்ட்டை இறுக்கும் இழுப்பு முழுவதையும் கேன்வாஸ் வாங்கிக்கொள்ளும். டக் தையல்களுக்கு அந்தச் சுமை போகாது. புட்டக்கோட்டுக்கு ஓர் அங்குலம் மேலே, ஓர் அங்குல அகலப் பருத்தி நாடாவை இதேபோல் மடிப்புகளின் பின்புறத்தில் கொடுத்தால் கீழே விடுவதும் நிற்கும். லைனிங்கை விட்டதில் குறையொன்றும் இல்லை. வழுக்கும் லைனிங் இல்லாததால் சட்டைமேல் கில்ட் நகராமல் நிற்கும், கோடைக்கும் நல்லது.

பட்டியையும் பெல்ட் வளையங்களையும், பட்டைகளை உயரத்துக்கு வெட்டியபோது மேலே மிஞ்சிய ஆறேழு அங்குலத் துணியில் எடுக்கலாம். வளையம் ஏழு போதும், அகலமான பெல்ட் நுழையும் உயரத்தில்.

வெள்ளி: பூட்டு. உள்மடல் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வந்து பிடிக்க வேண்டும். அங்கே இரண்டு அங்குல அகல வெல்க்ரோ, எட்டு அங்குல நீளம். மேல்மடல் வலப்பக்கம் மூடுகிறது. இடுப்பில் ஒரு தோல் பட்டையும் பக்கிளும், புட்டத்தருகே இன்னொரு வெல்க்ரோ. வெல்க்ரோ பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும், உரித்து எடுக்கும் இழுப்பைத் தாங்காது. நீளத்தைக் குறுக்குவாட்டில் வைக்கச் சொல்வது இதனால்தான். முள்பகுதி டார்டன் பக்கம் பார்த்தால் ஒவ்வோர் உரசலிலும் நூலை இழுக்கும். மென்பகுதியை அந்தப் பக்கம் வையுங்கள்.

கில்ட் ஊசி குத்த ஆசைப்படுபவர்கள் மேல்மடலில் மட்டும் குத்த வேண்டும். இரண்டு மடல்களையும் சேர்த்துக் குத்தினால் முதல் அகட்டலிலேயே துணி கிழியும். எறியும்போது ஊசியே இல்லாமல் இருப்பது இன்னும் பாதுகாப்பு.

களத்தில்

சம்மட்டிக்கும் கேபருக்கும் கையில் பூசும் பிசின் எப்படியும் கில்ட்டில் துடைக்கப்படும். துவைக்கக்கூடிய துணி எடுத்ததன் பலன் அப்போது தெரியும். வைக்கோல் மூட்டையைக் கவைக்கோலால் எறியும் போட்டியில் கூர்முனை முன்மடலில் சிக்காதபடி மடலைப் பெல்ட்டுக்குள் ஒரு மடிப்புச் செருகிக்கொள்ளலாம். புல்லும் தூசியும் அடைத்தால் வெல்க்ரோ பிடி தளரும். ஒரு பழைய பல்துலக்கி வைத்திருந்தால் போட்டிகளுக்கிடையே சுத்தம் செய்துகொள்ளலாம். கூடவே வளைந்த ஊசி, மெழுகு பூசிய நூல், கால் கஜக் கேன்வாஸ். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் பார்க்க வேண்டிய இடம் இரண்டே: பின்பக்கத்து நடு மடிப்பின் புட்டக்கோட்டு முனை, பக்கிள் ஊன்றிய கேன்வாஸ் ஓரம். இரண்டில் எதில் நூல் தளர்ந்தாலும் அடுத்த எறிக்கு முன் நான்கு தையல் போட்டுவிட வேண்டும். கேபர் பெரும்பாலும் பிற்பகலில் வரும், அதில்தான் ஆள் முழுதாகக் குந்துகிறார்.